குடியேறும் முன் தெருவைப் பாருங்கள்

கேள்வி: நகரில் ஒரு வீடு எங்களுக்குப் பிடித்திருக்கிறது. அந்தப் பகுதி குடியிருக்க ஏற்றதுதானா என்பதை முன்பணம் கொடுப்பதற்குள் எப்படி அறிவது?

பதில்: வீட்டைப் பார்க்கச் சென்ற நேரத்தில் மட்டுமே தெருவையும் பார்த்திருந்தால், அதன் ஒரு முகத்தைத்தான் நீங்கள் அறிவீர்கள். வேலைநாளின் காலை நெரிசலில் ஒரு முறையும், இரவு பத்து மணிக்கு மேல் ஒரு முறையும் அங்கே நடந்து பாருங்கள். தெருவிளக்குகள் எரிகின்றனவா, பெண்களும் முதியவர்களும் அந்நேரத்தில் பதற்றமின்றி நடமாடுகிறார்களா என்பது எந்தத் தரகரின் உறுதிமொழியையும்விட நம்பத்தக்க சான்று.

தண்ணீர் விஷயத்தில் கூடுதல் கவனம் வேண்டும். கனமழைக்கு மறுநாள் சென்று, சுற்றுச்சுவர்களில் முழங்கால் உயரத்தில் படிந்திருக்கும் பழுப்புக் கோட்டையும், சாலையை மேலும் மேலும் உயர்த்தியதால் பள்ளமாகிவிட்ட வாசல்களையும் கவனியுங்கள். (தரகர் எப்போதும் வெயில் நாளில்தான் அழைத்துச் செல்வார்.)

இரைச்சலைப் பொறுத்தவரை, உலக சுகாதார நிறுவனம் 2009-இல் ஐரோப்பாவுக்காக வெளியிட்ட வழிகாட்டுதலில், இரவில் வீட்டுக்கு வெளியே ஆண்டுச் சராசரி ஒலி 40 டெசிபலைத் தாண்டக்கூடாது என்று பரிந்துரைத்தது. கருவி எதுவும் இல்லாவிட்டாலும், படுக்கையறை சன்னலைத் திறந்துவைத்துக் கால்மணி நேரம் பேசாமல் உட்கார்ந்தால் ஓரளவு புரிந்துவிடும்.

பள்ளி, மருத்துவமனை, பேருந்து நிறுத்தம் ஆகியவற்றின் தூரத்தை வரைபடத்தில் பார்க்காமல் நடந்தே அளவிடுங்கள்.

அக்கம்பக்கத்தாரிடம் “இந்தப் பகுதி நல்லதா?” என்று கேட்காதீர்கள், பெரும்பாலும் ஆமென்றே சொல்வார்கள். தெருவில் கடைசியாகத் தண்ணீர் தேங்கியது எப்போது, மின்சாரம் போனால் திரும்ப எவ்வளவு நேரமாகிறது, குப்பை எத்தனை நாளுக்கொரு முறை அள்ளப்படுகிறது என்று கேளுங்கள்.