மாந்தோப்பு எம்ஜிபி: பெயிண்டரை இப்போது அழைக்காதீர்கள்

நண்பரே, போச்சம்பள்ளி மாந்தோப்புக் கொட்டகையில் கிடந்த உங்கள் மாமாவின் 1965 எம்ஜிபி என்ற பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் காரின் சிவப்பைச் சுரண்டிவிட்டு மறுபடியும் சிவப்பே அடிக்கலாம் என்கிறார் பெயிண்டர். டேஷ்போர்டுக்கு அடியிலோ வெளிர் நீலம் தெரிகிறது. எது அசல் என்று கேட்டிருந்தீர்கள்.

சுரண்ட விடாதீர்கள். அந்த நீலம்தான் உங்களிடம் உள்ள சாட்சி. இங்கிலாந்தின் பிரிட்டிஷ் மோட்டார் மியூசியத்துக்குச் சேசிஸ் எண்ணை அனுப்பிக் கட்டணம் செலுத்தினால், ஆலைப் பதிவேட்டைப் பார்த்து அசல் நிறம், எஞ்சின் எண், தயாரித்த தேதி எல்லாவற்றையும் சான்றிதழாகத் தருவார்கள்.

நிறத்தைவிட எனக்குக் கவலை கதவுக்குக் கீழே ஓடும் சில் பகுதிதான். இந்தக் காருக்குத் தனிச் சட்டகம் கிடையாது, சில்தான் முதுகெலும்பு. காந்தத்தை வைத்துப் பாருங்கள், ஒட்டவில்லையென்றால் உள்ளே இரும்பு இல்லை, துருவை மறைக்க அடைத்த பட்டிதான் இருக்கிறது. துருப்பிடித்த சில்லை வெட்டும் முன் கதவு வாயிலில் குறுக்குக் கம்பி வைத்து வெல்டிங் செய்யச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் உடல் நடுவில் தொய்ந்து, பிறகு கதவு மூடவே மூடாது. ஒருமுறை பட்டவன் சொல்கிறேன்.

இருக்கைக்குப் பின்னால் இரண்டு 6 வோல்ட் பேட்டரிகள் இருந்திருக்க வேண்டும். அசலில் நேர்முனைதான் உடலோடு இணைந்திருக்கும். உங்கள் ஆட்டோ எலக்ட்ரீஷியன் அதைத் 'தவறு' என்று திருத்த வருவார், தடுத்துவிடுங்கள்.

பெயிண்ட் அடிக்கும் இடம் கிரானைட் பட்டறைக்குப் பக்கத்தில் வேண்டாம். அந்தத் தூளை எந்தப் பாலிஷும் மறைக்காது.