நெறி கட்டுவது ஏன்? நிணநீர் குறித்து வாசகர் கேள்விகளும் மருத்துவர் பதில்களும்

கால் வீக்கம் பற்றிச் சென்ற இதழில் எழுதியதைத் தொடர்ந்து, தொண்டியிலிருந்து வாலிநோக்கம் வரை கடலோர ஊர்களிலிருந்து வந்த கடிதங்களில் ஐந்தை இம்முறை எடுத்துக்கொண்டிருக்கிறேன். ஐந்தும் வெவ்வேறு தொல்லைகளைச் சொன்னாலும், ஐந்துக்கும் விடை நிணநீர் என்ற ஒன்றையே சுற்றி வருகிறது.

பாம்பன் வாசகி ஒருவர்: இருபது ஆண்டுகளாகப் பாசி எடுக்கக் கடலுக்குப் போகிறேன். போன வாரம் கடலடிப் பாறைப் பாரில் கால் வைத்தபோது சிப்பி கிழித்துவிட்டது. மறுநாள் அதே பக்கத்துத் தொடை இடுக்கில் நெல்லிக்காய் அளவுக்குக் கட்டி, குளிர்காய்ச்சல் வேறு. சுண்ணாம்பு தடவி உருவிவிட்டால் நெறி இறங்கிவிடும் என்று என் மாமியார் சொல்கிறார். காயம் பாதத்தில் இருக்க, கட்டி ஏன் தொடையில் வருகிறது?

பதில்: உங்கள் மாமியார் சொல்லும் ‘நெறி’ என்ற சொல் மிகச் சரியானது. மருத்துவ நூல்கள் நிணநீர்க் கணு என்று எழுதுவதைத்தான் நம் வீடுகளில் தலைமுறை தலைமுறையாக நெறி என்று சொல்லி வருகிறோம். ஆனால் உருவிவிடுவதை மட்டும் அருள்கூர்ந்து செய்ய வேண்டாம்.

இரத்தக் குழாய்களிலிருந்து நாள் முழுவதும் நீர் தசைகளுக்கும் தோலுக்கும் கசிந்துகொண்டே இருக்கிறது. அதில் பெரும்பகுதி இரத்தத்துக்கு நேராகத் திரும்பிவிட, ஏறத்தாழ 3 லிட்டர் மட்டும் நூலிழை போன்ற வேறு குழாய்களுக்குள் நுழைந்து, மேல்நோக்கிப் பயணம் செய்து, கழுத்தின் அடியில் உள்ள பெரிய சிரைகளில் சேர்ந்து மீண்டும் இரத்தமாகிறது. அந்த நீரே நிணநீர். இரத்தத்தைத் தள்ள இதயம் இருப்பதுபோல நிணநீரைத் தள்ள ஓர் உறுப்பு இல்லை. குழாய்கள் தாமே மெல்லச் சுருங்குவதும், நாம் நடக்கும்போது தசைகள் அவற்றை அமுக்குவதும், மூச்சு இழுக்கும்போது நெஞ்சுக்குள் அழுத்தம் குறைவதும்தான் அதை நகர்த்துகின்றன. கரைவலை இழுப்பதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். கயிறு ஒரு முழம் கரைக்கு வந்ததும் அடுத்த கை அதைப் பற்றிக்கொள்வதால், வந்த கயிறு திரும்பக் கடலுக்குள் நழுவுவதில்லை. நிணநீர்க் குழாய்களுக்குள் சிறிது தூரத்துக்கு ஒன்றாக இருக்கும் வால்வுகளும் அப்படித்தான் ஏறிய நீரைக் கீழே இறங்கவிடாமல் பிடித்து நிறுத்துகின்றன.

வழியில் காவல் நிலையங்கள்போல நெறிகள் இருக்கின்றன. உடல் முழுவதும் ஏறத்தாழ 600 நெறிகள் இருந்தாலும், கழுத்து, அக்குள், தொடை இடுக்கு ஆகிய மூன்று இடங்களில் இருப்பவைதாம் கைக்குத் தட்டுப்படும். உங்கள் பாதத்திலிருந்து ஏறும் நீர் தொடை இடுக்கு நெறிகளைக் கடந்தே மேலே போக வேண்டும். சிப்பி கிழித்த இடத்தில் நுழைந்த கிருமிகள் அங்கே தடுக்கப்பட்டு, அவற்றோடு போராடும் வெள்ளணுக்கள் பெருகுவதால் நெறி வீங்கி வலிக்கிறது. ஆக, நெறி கட்டுவது நோயன்று; கீழே எங்கோ ஒரு காயம் சீழ்ப்பிடிக்கப் பார்க்கிறது என்ற அறிவிப்பு. அதை அழுத்தி உருவினால் வலி கூடுமே தவிர நெறி இறங்காது. சுண்ணாம்பு தோலைப் புண்ணாக்கிவிடும். கவனிக்க வேண்டியது காயத்தை.

காய்ச்சலும் குளிரும் இருப்பதால் இந்த இதழ் கைக்கு வரும்வரை நீங்கள் காத்திருந்திருக்கமாட்டீர்கள் என்று நம்புகிறேன். காத்திருந்தால் இன்றே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குச் செல்லுங்கள். தரும் மாத்திரைகளை, காய்ச்சல் விட்டதும் நிறுத்திவிடாமல், சொன்ன நாள்வரை சாப்பிட வேண்டும்; தடுப்பூசி போட்டு நாளாகியிருந்தால் டெட்டனஸ் ஊசியும் தேவைப்படும். காயத்திலிருந்து மேல்நோக்கிச் சிவப்புக் கோடு ஒன்று ஓடுவதைக் கண்டால் ஒரு நாள்கூடத் தாமதிக்கக் கூடாது. காயம் ஆறிய பிறகும் நெறி வற்றச் சில வாரங்கள் ஆகலாம்.

பாசி எடுக்கும் சகோதரிகளிடம் நான் கண்டது ஒன்று உண்டு. கைவிரல்களில் துணி சுற்றிக்கொண்டு கவனமாக இறங்குகிறவர்கள், கரையேறியதும் பாதத்தைப் பார்ப்பதில்லை. உப்புத்தண்ணீரில் நெடுநேரம் ஊறி வெளுத்த தோலில் கீறல் கண்ணுக்குத் தெரியாது; எரிச்சலும் பழகிவிடுகிறது. கரைக்கு வந்தவுடன் நல்ல தண்ணீரும் சோப்பும் கொண்டு பாதத்தைக் கழுவி, துடைத்து, வெளிச்சத்தில் ஒருமுறை பாருங்கள். கடல் நீரே மருந்து என்று விட்டுவிடாதீர்கள். கடல் நீரிலும் கிருமிகள் உண்டு.

தொண்டி வாசகர்: கடையில் ஒரு நாளைக்குப் பத்து மணி நேரம் உட்கார்ந்திருப்பவன் நான். நிணநீரில் சேரும் கழிவை வெளியேற்றும் பானம், உலர்ந்த பிரஷ்ஷால் உடம்பைத் தேய்க்கும் முறை என்று கைபேசியில் தினமும் காணொலிகள் வருகின்றன. வாங்கலாமா?

பதில்: வாங்க வேண்டாம். நிணநீர் சாக்கடையும் அன்று, அதைக் கழுவிவிடும் பானமும் உலகில் இல்லை. நீங்கள் உண்ணும் மீனிலும் தேங்காயிலும் உள்ள கொழுப்பில் பெரும்பகுதி குடலிலிருந்து இந்த நீரின் வழியாகத்தான் இரத்தத்துக்குப் போகிறது. 1622-ஆம் ஆண்டில் இத்தாலிய மருத்துவர் காஸ்பரே அசெல்லி, சற்று முன் தீனி தின்றிருந்த நாயின் வயிற்றைத் திறந்தபோது, குடலைத் தாங்கும் சவ்வில் பால் நிறக் குழாய்கள் ஓடுவதைக் கண்டார். அவர் கண்டது கொழுப்பைச் சுமந்து செல்லும் நிணநீரை. உடலின் கழிவை வெளியேற்றும் வேலையைக் கல்லீரலும் சிறுநீரகமும் செய்கின்றன; அவற்றுக்குப் போதிய தண்ணீரும் அளவான உப்பும் போதும்.

உங்கள் நிணநீருக்கு வேண்டியது நீங்கள் எழுந்து நிற்பதுதான். மணிக்கு ஒருமுறை கல்லாவை விட்டு எழுந்து கடைக்குள்ளேயே ஐந்து நிமிடம் நடங்கள். எழ முடியாத நேரத்தில் குதிகாலைத் தரையில் ஊன்றி முன்பாதத்தைத் தூக்குங்கள், பிறகு முன்பாதத்தை ஊன்றிக் குதிகாலைத் தூக்குங்கள், இருபது முறை. கெண்டை மீன்போலத் திரண்டிருப்பதால்தானோ என்னவோ கெண்டைக்கால் என்று பெயர் பெற்ற அந்தத் தசை, இறுகும் ஒவ்வொரு முறையும் காலில் தேங்கிய நீரை மேலேற்றுகிறது. காலையும் மாலையும் வயிறு எழும்பும்படி ஆழமாகப் பத்து மூச்சு இழுத்து விடுவதும் நல்லது. உடல் எடை கூடியிருந்தால் அதைக் குறைப்பது எந்தப் பானத்தையும் விடப் பயன் தரும். பிரஷ் தேய்ப்பதால் நன்மை என்பதற்குச் சான்று இல்லை. தோல் கீறினால் தீமை உறுதி.

வாலிநோக்கம் வாசகர் ஒருவர்: உப்பளத்தில் வேலை செய்தவன், வயது அறுபத்திரண்டு. பன்னிரண்டு ஆண்டுகளாக இடது கால் வீங்கிக் கனத்துவிட்டது. யானைக்கால் என்று சொல்லிவிட்டார்கள். உப்புநீரில் நின்றதால் வந்ததா, எங்கள் அப்பாவுக்கும் இருந்ததால் பரம்பரையாக வந்ததா? மூன்று மாதத்துக்கு ஒருமுறை காய்ச்சல் வந்து படுத்துவிடுகிறேன். வீட்டில் யாரும் என் துணியோடு தங்கள் துணியைத் துவைப்பதில்லை.

பதில்: ஐயா, உங்கள் கடிதத்தின் கடைசி வரிக்குத்தான் முதலில் பதில் சொல்ல விரும்புகிறேன். உங்கள் துணியாலோ, தட்டாலோ, தொடுவதாலோ இந்த நோய் யாருக்கும் ஒட்டாது. இந்தப் பக்கத்தை வீட்டில் உள்ளவர்களிடம் படித்துக் காட்டுங்கள்.

உப்புநீரும் காரணம் இல்லை, பரம்பரையும் காரணம் இல்லை. நூல்போன்ற ஒரு புழு நிணநீர்க் குழாய்களுக்குள் குடியிருந்து, அவற்றை விரித்து வால்வுகளைக் கெடுத்துவிடுவதால் வருவது இது. அதைக் கொண்டுவருவது கொசு. இதை முதலில் கண்டறிந்தவர் ஸ்காட்லாந்து மருத்துவர் பாட்ரிக் மான்சன், ஆண்டு 1877. ஒரே வீட்டில், ஒரே சாக்கடையோரத்தில், ஒரே கொசுக்கடியில் அப்பாவும் மகனும் வாழ்வதால் பரம்பரைபோலத் தோன்றுகிறது. சிறு வயதில் நுழைந்த புழு நடு வயதில்தான் வீக்கமாகத் தெரியவரும். புழு செத்த பிறகும் கெட்ட வால்வு கெட்டதுதான் என்பதால், மாத்திரை மட்டும் உங்கள் காலைப் பழைய நிலைக்குக் கொண்டுவராது. ஆனால் அந்தக் காய்ச்சலை நிறுத்த முடியும். காய்ச்சல் நின்றால் வீக்கம் வளர்வதும் பெரும்பாலும் நின்றுவிடும்.

உங்களுக்குக் காய்ச்சல் வருவது பெரும்பாலும் புழுவால் அன்று. கால்விரல் இடுக்கில் சேற்றுப்புண்ணாகவோ குதிகாலில் பித்தவெடிப்பாகவோ இருக்கும் சிறு திறப்பு வழியாகக் கிருமி நுழைகிறது. நிணநீர் ஓடாத காலில் அதைத் தடுக்க ஆள் இல்லை. ஒவ்வொரு காய்ச்சலும் இருக்கும் குழாய்களையும் கெடுத்து, காலை இன்னும் தடிக்க வைக்கிறது. எனவே உங்களுக்கான முதல் மருந்து, அன்றாடம் காலைக் கழுவுவது.

எப்படிக் கழுவுவது என்பதைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன். உங்கள் ஊரில் தண்ணீரின் அருமை எனக்குத் தெரியும்; அரைக்குடம் போதும். உவர்நீரில் சோப்பு நுரைக்காமல் திரிதிரியாகத் தோலில் ஒட்டிக்கொள்ளும் என்பதால், கடைசியாக அலசுவதற்காவது குடிதண்ணீரை எடுத்துக்கொள்ளுங்கள். வெந்நீர் வேண்டாம். முழங்காலில் தொடங்கிக் கீழ்நோக்கி, சாதாரணக் குளியல் சோப்பை உள்ளங்கையில் நுரைத்துப் பூசுங்கள். பீர்க்கங்கூடு, தேங்காய் நார், கல் எதுவும் வேண்டாம். தோல் மடிப்புகளுக்குள்ளும் ஒவ்வொரு விரல் இடுக்கிலும் மெல்லிய துணியை நுழைத்துத் துடையுங்கள். அலசிய நீர் தெளிவாக வரும்வரை ஊற்றுங்கள். பிறகு தேய்க்காமல் ஒற்றி ஒற்றி ஈரத்தை எடுங்கள். விரல் இடுக்கில் ஈரம் நின்றால் இவ்வளவும் வீண். மடிப்பு வெள்ளையாக ஊறியிருந்தாலோ அரித்தாலோ மருத்துவர் தரும் பூஞ்சைக் களிம்பைத் தடவுங்கள். குனிய முடியாவிட்டால் மகனையோ மருமகளையோ உதவச் சொல்லுங்கள். மூன்று நாள் பார்த்துக்கொண்டால் யாருக்கும் கை பழகிவிடும். யானைக்கால் நோயாளிகளுக்குப் பேசின், குவளை, சோப்பு, துண்டு, களிம்பு அடங்கிய பை அரசுத் திட்டத்தின்கீழ் தரப்படுகிறது. கிராம சுகாதாரச் செவிலியரிடம் கேளுங்கள்.

உட்காரும்போது காலைத் தொங்கவிடாமல் முக்காலிமேல் வையுங்கள். இரவில் கட்டிலின் கால்மாட்டுக்கு அடியில் ஒரு செங்கல் வைத்து உயர்த்தலாம். இதய நோய் இருந்தால் மட்டும் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். தொண்டி வாசகருக்குச் சொன்ன குதிகால் பயிற்சி உங்களுக்கும் உரியது. ஆனால் காய்ச்சல் நாட்களில் பயிற்சியும் வேண்டாம், காலை நீவவும் வேண்டாம், கட்டுப் போடவும் வேண்டாம். அப்போது ஈரத்துணி போட்டு ஓய்வெடுத்து, அன்றே மருத்துவரைப் பாருங்கள். நீர் மாத்திரை வாங்கிச் சாப்பிடுவதால் இந்த வீக்கம் வடியாது.

பேரப்பிள்ளைகளுக்கு வராமல் காப்பதும் நம் கையில் இருக்கிறது. இந்தக் கொசு சாக்கடையிலும் கழிவறைத் தொட்டியிலும் முட்டையிடும், இரவில் கடிக்கும். தொட்டியின் காற்றுக்குழாய் வாயில் பழைய மீன் வலைத்துண்டைக் கட்டியிருக்கும் வீடுகளைக் கண்டிருக்கிறேன். நைலான் வலைக் கண்ணில் கொசு தாராளமாகப் போய்வரும். கொசுவலைத் துணியைத்தான் கட்ட வேண்டும். ஊருக்கே யானைக்கால் தடுப்பு மாத்திரை கொடுக்க வந்தால் கர்ப்பிணிகள், இரண்டு வயதுக்குக் குறைந்த குழந்தைகள், கடும் நோயாளிகள் தவிர எல்லோரும் சாப்பிட்ட வயிற்றில் போட்டுக்கொள்ளுங்கள். இந்த நோயை ஒழிக்க முடியாது என்று எண்ண வேண்டாம். நமக்கு எதிர்க்கரையில் இருக்கும் இலங்கை, பொதுச் சுகாதாரப் பிரச்சினை என்ற நிலையிலிருந்து இதை நீக்கிவிட்டதை உலக சுகாதார நிறுவனம் 2016-இல் உறுதிசெய்தது. சீனா இதில் வென்றதற்கு ஒரு காரணம், சமையல் உப்பில் யானைக்கால் தடுப்பு மருந்தைக் கலந்து மக்களுக்குக் கொடுத்தது. உப்பு விளைவித்த உங்களுக்கு அதைச் சொல்வதில் எனக்குத் தனி மகிழ்ச்சி.

தேவிபட்டினம் வாசகி: என் பதினான்கு வயது மகளுக்குக் கழுத்தில் இரண்டு நெறி. வலி இல்லை. ஒன்றரை மாதமாகிறது. பேன் கடியால் என்று விட்டுவிடலாமா?

பதில்: விடக்கூடாது. பேன் புண்ணாலும் சொத்தைப் பல்லாலும் கழுத்தில் நெறி கட்டும் என்பது உண்மை. ஆனால் வலியில்லாமல் ஒன்றரை மாதம் நிற்கும் நெறியைப் பரிசோதித்தே ஆக வேண்டும். நம் முன்னோர் கண்டமாலை என்று சொன்னது பெரும்பாலும் நெறியைத் தாக்கும் காசநோயைத்தான். ஊசியால் சிறிது நீர் எடுத்துப் பார்த்தால் தெரிந்துவிடும்; காசநோயாக இருந்தால் அரசு மருத்துவமனையில் இலவசமாகவே மருந்து கிடைக்கிறது, பொதுவாக ஆறு மாதங்களில் குணமாகும். மாலைக் காய்ச்சல், இரவில் வியர்வை, எடை குறைவு இருந்தால் அதையும் மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள். இந்த வாரமே அழைத்துச் செல்லுங்கள்.

கீழக்கரை வாசகி: உம்மாவுக்கு மார்பகப் புற்றுக்காக அறுவை செய்து அக்குள் நெறிகளையும் எடுத்துவிட்டார்கள். இப்போது அந்தக் கை மாலையானால் வீங்குகிறது. கையை அசைக்கவே கூடாது என்று சொந்தக்காரர்கள் சொல்கிறார்கள். உம்மாவோ அடுப்படியை விட மறுக்கிறார்.

பதில்: உம்மாவை அடுப்படியிலேயே இருக்கவிடுங்கள் அம்மா. கையின் நீர் ஏறும் பாதையில் இருந்த நெறிகளை எடுத்துவிட்டதால் மீதிக் குழாய்களுக்குச் சுமை கூடியிருக்கிறது. கையை முடக்கினால் நீர் இன்னும் தேங்கும். சிறிது சிறிதாகக் கூட்டிச் செய்யும் பயிற்சி நல்லதே செய்யும். இயன்முறை மருத்துவரிடம் ஒருமுறை அழைத்துச் சென்று, கைக்கு அளவெடுத்த அழுத்த உறையும் சரியான நீவும் முறையும் பெற்றுக்கொள்ளுங்கள். வீட்டில் கண்டபடி எண்ணெய் தேய்த்து அழுத்த வேண்டாம்.

நான் அஞ்சுவது மீன் ஆய்வதையும் இறால் உரிப்பதையும்தான். கெளுத்தி முள்ளோ இறாலின் தலைமுள்ளோ குத்திய சிறு புள்ளி, மற்றவர்களுக்கு மறுநாள் மறந்துபோகும். உம்மாவின் அந்தக் கையில் அது முழங்கைவரை சிவந்து காய்ச்சலாகிவிடும். அந்த வேலைகளை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். விடமாட்டார் என்றால் தடித்த ரப்பர் கையுறை வாங்கிக் கொடுங்கள். தொழுகைக்காக நாளுக்கு ஐந்து முறை ஒளூ செய்து கழுவும் கை என்பதால் தூய்மைக்குக் குறைவிருக்காது. ஒவ்வொரு முறையும் விரல் இடுக்குகளை ஒற்றி உலர்த்தி, தோல் வறண்டு வெடிக்காமல் கொஞ்சம் தேங்காய் எண்ணெய் பூசிவிடுங்கள். வளையலும் மோதிரமும் அந்தக் கையில் மாலை நேரத்தில் இறுகுகின்றனவா என்று பார்த்து, இறுகினால் மறு கைக்கு மாற்றிவிடுங்கள்.