எலும்பு கூடிவிட்டது, முழங்கை ஏன் மடங்கவில்லை?

கேள்வி: என் வீட்டுக்காரர் புளி உலுக்க மரம் ஏறி விழுந்ததில் முழங்கை உடைந்து, ஆபரேஷன் செய்து பிளேட் வைத்தார்கள். மூன்று மாதமாகக் கையைத் தூளியில்தான் வைத்திருக்கிறார். எலும்பு கூடிவிட்டதாம், ஆனால் கை நீளவும் இல்லை, மடங்கவும் இல்லை. பிளேட்தான் தடுக்கிறதா? எண்ணெய் போட்டு உருவலாமா?
- வாசகி, பென்னாகரம்

பதில்: உருவவே வேண்டாம் அம்மா, முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். முழங்கையை அழுத்தி உருவினாலும், வலிக்க வலிக்கப் பிடித்து மடக்கினாலும், உள்ளே தசை கிழிந்து ரத்தம் கட்டி, அந்தத் தசைக்குள்ளேயே எலும்பு வளர்ந்துவிடக்கூடும், அப்புறம் இப்போது இருக்கிற அசைவும் போய்விடும்.

பிளேட் பெரும்பாலும் காரணமாக இருக்காது. ஸ்க்ரூ ஏதும் மூட்டில் இடிக்கிறதா என்று எக்ஸ்ரேயில் ஒருமுறை பார்த்துக்கொண்டால் போதும். எலும்பு தழும்பில்லாமல் ஆறுகிற திசு, உடைந்த இடத்தில் ரத்தம் உறைந்து, குருத்தெலும்பாகி, அதில் கால்சியம் ஏறி இறுகி, மாதக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகச் சீராகிப் பழைய எலும்பாகவே ஆகிவிடும். தழும்பு விழுவது அதைச் சுற்றித்தான். அடிபட்ட தசையிலும், மூன்று எலும்புகளைச் சேர்த்து மூடியிருக்கும் மூட்டு உறையிலும் விழுகிற தழும்பு, கையை அசைக்காமல் வைத்திருந்தால் அப்படியே சுருங்கி இறுகிவிடும். முழங்கை மற்ற மூட்டுகளைவிடச் சீக்கிரம் இறுகும்.

மாவுக்கட்டில் மாதக்கணக்கில் கிடந்தவர்களுக்கு எலும்பு கூடியும் மூட்டு முடங்கிப்போனதைப் பார்த்துத்தான் 1958-ல் சுவிட்சர்லாந்தில் சில அறுவை மருத்துவர்கள் ஏஓ என்ற குழுவைத் தொடங்கி, உறுதியாகப் பொருத்திச் சீக்கிரம் அசைக்க வேண்டும் என்ற முறையைப் பரப்பினார்கள். உங்கள் வீட்டுக்காரருக்குப் பிளேட் வைத்ததும் அதற்காகத்தான். எலும்பு கூடியது உறுதி என்றால் டாக்டரிடம் கேட்டுத் தூளியைக் கழற்றிவிட்டு, பிசியோதெரபிஸ்ட் சொல்லித்தருகிறபடி அவரே தன் பலத்தில், ஒரு நாளில் பல தடவை, கொஞ்சம் கொஞ்சமாக மடக்கி நீட்டட்டும். ஒரு வருடம் வரைகூட முன்னேற்றம் தெரியும். கை நேராக நீண்டிருப்பதை 0 டிகிரி என்று வைத்தால், 30 டிகிரியிலிருந்து 130 டிகிரி வரை வந்துவிட்டாலே சாப்பிட, தலைவார, அன்றாட வேலை பெரும்பாலும் நடந்துவிடும். அதற்கும் வராவிட்டால் இறுகிய உறையை வெட்டி விடுவிக்கும் ஆபரேஷன் இருக்கிறது. ஆனால் சுண்டுவிரலும் மோதிர விரலும் மரத்துப்போனால் காத்திருக்க வேண்டாம், அங்கே ஓடும் நரம்பு தழும்பில் சிக்கியிருக்கலாம், உடனே காட்டுங்கள்.

கேள்வி: பைக் விபத்தில் மகனுக்கு முழங்காலுக்குக் கீழே எலும்பு உடைந்து ராடு போட்டு ஒன்பது மாதம் ஆகிறது. இன்னும் கூடவில்லை, மறுபடி ஆபரேஷன் என்கிறார்கள். அதற்குப் பதில் புத்தூர் போய்க் கட்டுப் போடலாமா?
- வாசகர், காவேரிப்பட்டணம்

பதில்: முழங்காலுக்குக் கீழே உள்ள எலும்பில், அதிலும் கெண்டைக்காலுக்குக் கீழே, சதையும் குறைவு, ரத்த ஓட்டமும் குறைவு, அதனால் அந்த இடத்தில் எலும்பு தாமதமாகத்தான் கூடும். ஒன்பது மாதம் ஆகியும் கூடாவிட்டால், பல நேரம் எலும்பு வளர வேண்டிய இடைவெளியில் தழும்புத் திசு போய் அடைத்திருக்கும். வெளியே எந்தக் கட்டுப் போட்டாலும் அதை எடுக்க முடியாது. தேவைப்பட்டால் டாக்டர் அதைச் சுரண்டி எடுத்துவிட்டு இடுப்பெலும்பிலிருந்து கொஞ்சம் எடுத்து வைப்பார், அல்லது இன்னும் தடிமனான ராடு மாற்றுவார். உள்ளே கிருமி இருந்தாலும் எலும்பு ஒன்று சேராது, அதற்கும் ரத்தப் பரிசோதனை செய்துவிடச் சொல்லுங்கள். களி நம் ஊரில் தினமும் உண்டு, ராகியில் கால்சியம் நிறைய இருக்கிறது, கூடவே முட்டையோ பருப்போ சேருங்கள். மகன் சிகரெட், பீடி பிடிப்பவராக இருந்தால் ஆபரேஷனுக்கு முன்பே அடியோடு நிறுத்த வேண்டும், புகை எலும்பு கூடுவதைக் கெடுக்கும்.