ஸ்கேனில் 38 கிராம் என்றால் உடனே ஆபரேஷனா?

கேள்வி: வயது 63. ஏற்காடு நாகலூரில் காபித் தோட்ட மேஸ்திரியாக இருந்தேன். காலையில் சிறுநீர் இறங்கவே இரண்டு மூன்று நிமிடம் நிற்க வேண்டியிருக்கிறது. சேலத்தில் எடுத்த ஸ்கேனில் சிறுநீர்ப்பைக்குக் கீழே இருக்கும் புரோஸ்டேட் சுரப்பி 38 கிராம், கழித்த பிறகும் 140 மில்லி தங்குகிறது என்று வந்திருக்கிறது. கூட்டிப்போனவர் முன்பணம் கட்டினால் இந்த வாரமே லேசர் ஆபரேஷன் என்கிறார். செய்துகொள்ளலாமா?

பதில்: இந்த வாரம் வேண்டாம். முன்பணமும் கட்டாதீர்கள்.

உங்கள் வயதில் 38 கிராம் பயப்படும் அளவு இல்லை. 80 கிராமோடு நிம்மதியாக இருப்பவரும் உண்டு, 30 கிராமிலேயே அடைத்துக்கொள்பவரும் உண்டு.

அந்த 140 மில்லிதான் எனக்கு இடிக்கிறது. தண்ணீரைக் குடிக்கச் சொல்லி, டோக்கன் வரும்வரை அடக்க வைத்து, அப்புறம் அவசரமாகப் போய்வரச் சொன்னார்களா? அளவுக்கு மீறி நிரம்பிய சிறுநீர்ப்பை சரியாகச் சுருங்காது, யாருக்கும் கொஞ்சம் தங்கும். சாதாரணமாக முட்டும்போது நிதானமாகப் போய்விட்டு, உடனே ஸ்கேனில் பார்க்கச் சொல்லுங்கள். இதை அங்கே யாரும் சொல்ல மாட்டார்கள். ஆள் பிடித்து வருபவருக்குக் கமிஷன், வாசலில் அடுத்த டோக்கன்.

மலைக்குளிரில் சளி மாத்திரை ஏதாவது போடுகிறீர்களா? மூக்கடைப்புக்கும் தும்மலுக்கும் கடையில் கேட்டு வாங்கும் பல மாத்திரைகள் சிறுநீரைப் பிடித்து நிறுத்தும். முதலில் அதை நிறுத்துங்கள்.

உட்கார்ந்து போங்கள், முக்காதீர்கள். முடிந்ததும் சற்றுப் பொறுத்து மறுபடி முயலுங்கள். மலச்சிக்கல் கூடாது. ராத்திரி டீ, காபியைக் குறையுங்கள். சிறுநீர் வழியைத் தளர்த்தும் டாம்சுலோசின் மாத்திரையை மருத்துவர் கொடுத்தால் எழும்போது தலை சுற்றலாம், மெதுவாக எழுந்திருங்கள். கண்புரை ஆபரேஷன் இருந்தால் இந்த மாத்திரையைக் கண் மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள்.

சர்க்கரை பற்றி நீங்கள் எழுதவில்லை. பல வருடச் சர்க்கரை இருந்தால் கணக்கே வேறு. நரம்பு பழுதாகிப் பையே தளர்ந்திருக்கலாம். மோட்டார் ஓடாதபோது பைப்பை அகலமாக்கி என்ன பயன்? ஆபரேஷனுக்குப் பிறகும் ட்யூபோடு திரிவார்கள். நீர் வேகத்தை மட்டும் பார்த்தால் புரோஸ்டேட் அடைப்பும் பைத் தளர்ச்சியும் ஒரே மாதிரிதான் தெரியும். பையின் அழுத்தத்தை அளக்கும் பரிசோதனை தனியாக உண்டு. சர்க்கரைக்காரர்கள், பக்கவாதம் வந்தவர்கள் அதைக் கேட்டு வாங்க வேண்டும். கேட்காவிட்டால் பல இடங்களில் எழுதுவதில்லை.

நீர் அடியோடு நின்று அடிவயிறு உப்பி வலித்தால் விடியட்டும் என்று இருக்காதீர்கள். 20 கொண்டை ஊசி வளைவும் இறங்கித்தான் ஆக வேண்டும். மலையிலேயே சிறுநீரக அறுவை மருத்துவர் கிடைக்கும் காலம் எப்போது வருமோ! நேராகச் சேலம் மோகன் குமாரமங்கலம் அரசு மருத்துவமனை அவசரப் பிரிவுக்குப் போங்கள், ட்யூப் போட்டு நீரை எடுப்பார்கள். ரத்தம் வந்தாலும், குளிர்காய்ச்சலோடு எரிந்தாலும் தள்ளிப்போடாதீர்கள்.

ஸ்கேன் ரிப்போர்ட்டும் காப்பீட்டு அட்டையும் அந்த ஆளிடம் இருந்தால் இன்றே வாங்கிவிடுங்கள். அடுத்த முறை மகனோடு போங்கள்.