இம்போல்க் இரவுக்கு வீட்டை ஆயத்தப்படுத்துவது எப்படி?

கேள்வி: டப்ளின் புறநகர் ஒன்றில் வசிக்கிறோம். அயர்லாந்துக்காரரான என் கணவர் பேகன் சமயநெறியை, அதாவது கிறிஸ்தவத்துக்கு முந்தைய வழிபாட்டை ஒட்டிய நெறியைப் பின்பற்றுபவர். இம்போல்க் திருநாளை முதன்முறையாக எங்கள் வீட்டிலேயே கொண்டாட விரும்புகிறோம். நான்கு வயதிலும் ஏழு வயதிலும் இரண்டு பிள்ளைகள், ஒரு பூனை. வீட்டில் கணப்படுப்பு கிடையாது. கத்தோலிக்கரான என் மாமியாரும் அப்போது எங்களுடன் தங்குவார். எதிலிருந்து தொடங்குவது?

பதில்: அலங்காரத்திலிருந்து தொடங்காதீர்கள், வாசலிலிருந்து தொடங்குங்கள். சாவின், இம்போல்க், பியால்டனா, லூனசா என்னும் கேலிய (அயர்லாந்து, ஸ்காட்லாந்து) மரபின் நான்கு பருவத் திருநாள்களில் இம்போல்க் வசந்தத்தின் வரவைக் குறிப்பது. ஆடுகள் ஈன்று பால் சுரக்கத் தொடங்கும் காலத்துக்குரியது. அந்த இரவில் பிரிஜிட் வீடு வீடாக வந்து, குடும்பத்தையும் கால்நடைகளையும் வாழ்த்திச் செல்கிறாள் என்ற நம்பிக்கை அயர்லாந்தின் கிராமங்களில் 20ஆம் நூற்றாண்டு வரை உயிரோடு இருந்தது. கவிதைக்கும் மருத்துவத்துக்கும் கொல்லர் தொழிலுக்கும் உரிய தெய்வமாக அவளைப் பழைய ஐரிஷ் ஏடுகள் குறிப்பிடுகின்றன. ஆகவே நீங்கள் செய்யப்போகும் ஒவ்வொரு வேலையும் வரவிருக்கும் ஒரு விருந்தாளிக்காக என்று எண்ணிக்கொண்டால், எது தேவை, எது தேவையில்லை என்பது தானாகவே விளங்கிவிடும்.

அடுத்து நேரம். இந்த மரபில் நாள் என்பது சூரியன் மறையும்போது தொடங்குகிறது; எனவே திருநாள் பிப்ரவரி 1 என்று நாட்காட்டி சொன்னாலும், ஜனவரி 31 மாலையே அது பிறந்துவிடுகிறது. டப்ளினில் அன்று ஐந்து மணியளவில் சூரியன் மறைந்துவிடும் என்பதால், வீட்டு வேலைகள் எல்லாம் பிற்பகலுக்குள் முடிந்திருக்க வேண்டும். குளிர்காலக் கதிர்த்திருப்பத்துக்கும் வசந்தகாலச் சமஇரவு நாளுக்கும் சரியான நடுப்புள்ளியைக் கணக்கிட்டு, சில நாள் தள்ளிக் கொண்டாடும் பேகன்களும் உண்டு. பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு, அக்கம்பக்கமும் பள்ளியும் அறிந்த 31ஆம் தேதியே நல்லது என்பது என் கருத்து.

சுத்தம் செய்வதில் முழு வீட்டையும் புரட்டிப் போட வேண்டியதில்லை. முன்வாசல், சமையலறை, ஒரு சன்னல் மேடை ஆகிய மூன்றும் போதும். வாசலில் குவிந்திருக்கும் காலணிகளையும் மழைச்சட்டைகளையும் அப்புறப்படுத்தி, கதவு முழுவதுமாகத் திறக்குமாறு செய்யுங்கள். அன்றிரவு நடக்கவேண்டிய முதன்மையான நிகழ்ச்சி அந்த நிலைப்படியில்தான் நடக்கப்போகிறது.

கணப்படுப்பு இல்லையே என்ற கவலை வேண்டாம். இன்றைய வீட்டில் சமையலறை அடுப்புதான் அந்த இடத்தை வகிக்கிறது. அதைத் துடைத்து, அருகில் ஒரே ஒரு சுடரை ஏற்றினால் போதும். அயர்லாந்தின் கில்டேர் ஊரில் பிரிஜிட்டின் பெயரால் அணையாமல் காக்கப்பட்ட நெருப்பைப் பற்றி 12ஆம் நூற்றாண்டில் வேல்ஸின் ஜெரால்ட் என்ற பாதிரியார் எழுதியிருக்கிறார். அந்தச் சுடரை 1993இல் பிரிஜிடைன் என்னும் கத்தோலிக்கச் சபையின் கன்னியர் அதே ஊரில் மீண்டும் ஏற்றினார்கள். வீடெங்கும் மெழுகுவத்தி வைப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன், குறிப்பாகப் பூனை உள்ள வீட்டில். மணல் நிரப்பிய கனமான கிண்ணத்தில் ஒரு தடித்த மெழுகுவத்தியை நிறுத்தி, பெரியவர் ஒருவர் அறையில் இருக்கும்வரை மட்டும் எரியவிடுங்கள். உறங்கப் போகும்போது அதை அணைத்துவிட்டு, சன்னலில் எல்இடி விளக்கு ஒன்றை வைத்துக்கொள்ளலாம். புகை எச்சரிக்கைக் கருவியை முதல்நாளே சோதித்துவிடுங்கள். இந்நாளுக்கென்று கோரைப்புல்லில் பின்னும் சிலுவையையும் சுடரையும் ஒரே மேடையில் வைக்கவே கூடாது. ஏழை வீடுகளில் ஒரு காலத்தில் விளக்காக எரிந்ததே இந்தக் கோரையின் உள்தண்டைக் கொழுப்பில் தோய்த்துச் செய்த திரிதான். காய்ந்த கோரை அவ்வளவு எளிதில் பற்றிக்கொள்ளும்.

இனி அந்தச் சிலுவை. வீட்டைத் தீயிலிருந்தும் பசியிலிருந்தும் காக்கும் என்று நம்பி, கதவுக்கு மேலோ கூரையின் உட்புறத்திலோ அதைச் செருகி வைப்பார்கள். ஈரநிலங்களில் வளரும் மென்கோரையை, அறுக்காமல் கையால் பிடுங்கி எடுப்பது வழக்கம். நிலத்துக்கு உரிமையாளரிடம் முன்கூட்டியே அனுமதி கேட்டுக்கொள்ளுங்கள். பறித்த கோரையை ஈரத்துணியில் சுற்றி வைத்தால் ஓரிரு நாள் வளையும் தன்மையோடு இருக்கும். ஒரு சிலுவைக்கு 12 முதல் 16 தண்டுகள் போதும். முதல் தண்டை நிமிர்த்திப் பிடித்து, இரண்டாவதை நடுவில் மடித்து அதன்மேல் கோத்து, நுனிகள் வலப்புறம் நீளுமாறு இழுங்கள். பிறகு முழுவதையும் இடஞ்சுழியாகக் கால்சுற்று திருப்பி, இப்போது மேல்நோக்கி நிற்கும் இழைகளை அணைத்தவாறு அடுத்த மடித்த தண்டை மீண்டும் வலப்புறமாகக் கோக்க வேண்டும். இப்படியே திருப்புவதும் கோப்பதுமாகச் சென்றால் நடுவில் சதுரம் ஒன்று உருவாகும். நான்கு கைகளின் நுனிகளையும் நூலால் இறுக்கிக் கட்டிவிடுங்கள். கோரை காயும்போது சுருங்கும் என்பதால் ஒரு வாரம் கழித்து முடிச்சுகளை மறுபடி இறுக்கவேண்டி வரும். ஏழு வயதுப் பிள்ளை இதை நன்றாகவே செய்யும். இளையவருக்குக் கம்பளி சுற்றிய கைவினைக் கம்பிகளைக் கொடுங்கள். அடுத்த ஆண்டு புதிய சிலுவை வரும்போது பழையதை எரிப்பவர்களும் உண்டு, அதன் அருகிலேயே விட்டுவைப்பவர்களும் உண்டு; இரண்டுமே மரபுதான்.

உண்மையில் நான் பெரிதும் விரும்பும் பகுதி, கோரையை வீட்டுக்குள் கொண்டுவரும் சடங்கு. பல வட்டாரங்களில் வீட்டின் பெண்பிள்ளை, பிரிஜிட்டின் இடத்தில் நின்று, கோரைக்கட்டோடு இருட்டில் வெளியே சென்று கதவைத் தட்டுவாள்: “முழந்தாளிடுங்கள், கண்களைத் திறங்கள், பிரிஜிட்டை உள்ளே விடுங்கள்.” உள்ளே இருப்பவர்கள் “வருக, வருக” என்று ஒரே குரலில் வரவேற்பார்கள். இந்த முறைப்படி சிலுவைகள் பின்னப்படுவது இதற்குப் பின்னரே, இரவு உணவை ஒட்டி. பிள்ளைகள் தூங்கும் நேரத்தைக் கருதிப் பிற்பகலிலேயே பின்னிவிட்டு, ஒரு பிடி கோரையை மட்டும் இந்த நுழைவுக்காக ஒதுக்கி வைத்தாலும் குறையில்லை.

சூரியன் மறையும் முன் ஒரு துணியைச் சன்னலுக்கு வெளியே கட்டிவிடுங்கள். கடந்து செல்லும் பிரிஜிட் அதைத் தொட்டுச் செல்வாள் என்பது நம்பிக்கை; மறுநாள் எடுத்து ஆண்டு முழுவதும் வைத்திருந்து, தலைவலிக்கும் உடல்நலக் குறைவுக்கும் அதைப் பயன்படுத்துவார்கள். உணவில் வெண்ணெய் தாராளமாக இருக்க வேண்டும். மசித்த உருளைக்கிழங்கும் முட்டைக்கோசும் சேர்ந்த கோல்கேனன் ஒன்றே போதுமான விருந்து. பூக்களில் மட்டும் கவனம் தேவை. இப்பருவத்தில் எங்கும் கிடைக்கும் ஸ்னோடிராப், டாஃபடில் இரண்டுமே உண்டால் நஞ்சு, அவற்றின் கிழங்குகள் மிகுதியாக. பூச்சாடித் தண்ணீரைப் பூனை குடித்தாலும் ஆபத்து. பிள்ளைகளுக்கும் பூனைக்கும் எட்டாதபடி அவற்றை வெளித்தோட்டத்தில் விட்டுவைப்பதே நல்லது.

மாமியாரைப் பொறுத்தவரை நீங்கள் அஞ்சுவதற்கு அதிகமில்லை. பிப்ரவரி 1 அவருக்குக் கில்டேரின் புனித பிரிஜிட்டின் திருநாள். சிலுவையும் துணியும் அவர் சிறுவயதிலேயே அறிந்தவையாக இருக்கக்கூடும். அப்படியானால் பின்னக் கற்றுக்கொடுக்கும் பொறுப்பை அவரிடமே ஒப்படையுங்கள். புனிதை வேறு, தெய்வம் வேறா, இருவரும் ஒருவரா என்ற வினாவில் ஆய்வாளர்களிடையே இன்னும் ஒருமித்த கருத்து இல்லை. ஆகவே “உங்கள் புனிதை எங்கள் தெய்வந்தான்” என்று அவரிடம் சொல்லிவிடாதீர்கள். தெய்வத்தை விளித்துச் சொல்லும் வேண்டுதல்களை நீங்களும் கணவரும் தனியே சொல்லிக்கொள்ளலாம். வாசலில் சொல்லும் அந்த வரவேற்பை எல்லோரும் மனமொத்துச் சொல்ல முடியும்.

நண்பர்களை 31ஆம் தேதி இரவுக்கு அழைக்க வேண்டாம். 2023 முதல் பிப்ரவரியின் முதல் திங்கட்கிழமை அயர்லாந்தில் பொது விடுமுறை. பிப்ரவரி 1 வெள்ளிக்கிழமையாக அமையும் ஆண்டில் மட்டும் அந்த வெள்ளிக்கிழமையே விடுமுறை. விருந்தினரை அந்த நாளில் அழைத்துக்கொண்டால், முதல் இரவு முழுவதும் உங்கள் வீட்டாருக்கே கிடைக்கும்.