‘கயமை’ என்றால் என்ன? எங்கே பயன்படுத்தலாம்?

வெட்கப்பட வேண்டிய இழிசெயலைத் தெரிந்தே, கூச்சமில்லாமல் செய்யும் குணம்தான் கயமை. பேச்சில் ‘அயோக்கியத்தனம்’ என்போம். செய்பவன் கயவன். எழுதும்போது ‘கயமைத்தனமாக நடந்துகொண்டான்’ என்பதே இயல்பாக இருக்கும்.

எல்லாத் தவறுக்கும் இந்தச் சொல் பொருந்தாது. பிராட்வே பஸ்ஸின் நெரிசலில் பக்கத்தில் நிற்பவர் காலை மிதித்துவிடுவது பிழை. அதே பஸ்ஸில் மயங்கி விழுந்தவரைத் தாங்குவதுபோல் நெருங்கி அவருடைய பர்ஸை உருவுவது கயமை. அடுத்தவரின் இயலாமையையும் நம்பிக்கையையும் தனக்கு லாபமாக்கிக்கொள்வதால்தான் இந்தச் சொல்லுக்கு இவ்வளவு கடுமை.

2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையே தத்தளித்தபோது, கைக்குழந்தையோடு நின்றவர்களிடம் சிலர் பால் பாக்கெட்டைப் பல மடங்கு விலைக்கு விற்றார்கள். அதை வியாபாரம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கயமை என்றே சொல்வேன். அதனாலேயே, சின்னச் சண்டைக்கெல்லாம் இச்சொல்லை வீசி அதன் கூர்மையை மழுக்கிவிடாதீர்கள்.

திருக்குறளில் பொருட்பாலின் கடைசி அதிகாரமான 108-ஆவது, கயமை பற்றியது. அங்கே ‘கீழ்’, ‘கீழ்கள்’ என்று வருவதைப் பிறப்பாலோ ஏழ்மையாலோ தாழ்ந்தவர் என்று பலர் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். அது நடத்தையின் கீழ்மையையே குறிக்கிறது.