பழைய பென்ஸ், சின்ன பட்ஜெட்: கோவை மெக்கானிக் பதில்கள்

2005 மாடல் பென்ஸ் இ கிளாஸ் ஒன்று மூன்றரை லட்சத்துக்கு வருகிறது. 90,000 கிலோமீட்டர்தான் ஓடியிருக்கிறது. நான் பள்ளி ஆசிரியர், கையில் நான்கு லட்சம் இருக்கிறது. வாங்கலாமா?
*ஈரோடு வாசகர்*

இந்த வண்டி வேண்டாம் சார். மூன்றரை லட்சம் என்பது அதை வீட்டு வாசலில் கொண்டுவந்து நிறுத்துவதற்கான பணம். அதன் பிறகு உங்களிடம் மிஞ்சுவது ஐம்பதாயிரம். இந்த வண்டியில் ஒரு பெரிய வேலை வந்தால் அதுவே காணாது. என் பட்டறைக்கு வருகிறவர்களிடம் நான் சொல்வது இதுதான்: கையில் இருப்பதில் பாதிக்கு மேல் பழைய வண்டிக்குக் கொடுக்காதீர்கள். மீதியை முதல் வருடச் செலவுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு காரணம் பிரேக். 2002இல் அறிமுகமான இந்தத் தலைமுறை இ கிளாஸில் எஸ்பிசி என்ற மின்னணு பிரேக் இருக்கிறது. பெடலை மிதித்ததும் கம்ப்யூட்டர்தான் கணக்குப் போட்டு, மோட்டார் பம்ப் சேர்த்து வைத்திருக்கும் அழுத்தத்தைச் சக்கரங்களுக்கு அனுப்பும். எத்தனை முறை பிரேக் பிடித்தீர்கள் என்பதையும் அந்த யூனிட் எண்ணிக்கொண்டே இருக்கும். எண்ணிக்கை எல்லையைத் தொட்டால் டேஷ்போர்டில் சிவப்பு எச்சரிக்கை வரும், யூனிட்டையே மாற்ற வேண்டும். அது கெட்டுப்போனால் முன் சக்கரங்களுக்கு மட்டும்தான் பிரேக் கிடைக்கும், அதுவும் முழு பலத்தோடு மிதித்தால். கவுண்டரை லேப்டாப் வைத்துப் பூஜ்ஜியமாக்கித் தருகிறேன் என்று சிலர் கிளம்பியிருக்கிறார்கள். எண் மாறும், உள்ளே தேய்ந்த மோட்டார் மாறாது. குடும்பத்தை ஏற்றிக்கொண்டு போகிற வண்டியில் தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். சாதாரண பிரேக் வேலைக்கு விட்டாலும், எஸ்பிசியை முறைப்படி முடக்காமல், பிரேக் பேடை அழுத்திப் பிடிக்கும் காலிப்பரைக் கழற்றக் கூடாது. பம்ப் தானாக அழுத்தம் கொடுத்து விரலை நசுக்கிவிடும்.

கம்பெனியே 2006இல் இந்த மாடலைப் புதுப்பித்தபோது (ஃபேஸ்லிஃப்ட்) எஸ்பிசியை விட்டுவிட்டு வழக்கமான பிரேக்குக்குத் திரும்பியது. அதே உருவம் வேண்டுமென்றால் இன்னும் கொஞ்சம் பணம் சேர்த்து, அதற்குப் பிந்தைய வண்டியாகப் பாருங்கள்.

குறைந்த கிலோமீட்டரைப் பார்த்தும் மயங்க வேண்டாம். ரப்பருக்கு மீட்டர் தெரியாது, வயதுதான் தெரியும். நெடுஞ்சாலையில் இரண்டு லட்சம் ஓடி, பில்களை ஒழுங்காக ஃபைலில் வைத்திருப்பவரின் வண்டி கிடைத்தால் நான் அதைத்தான் எடுப்பேன்.

அப்பா வைத்திருந்த 1996 பென்ஸ் இ220 நான்கு வருடமாகக் காரைக்குடி வீட்டு ஷெட்டில் நிற்கிறது. விற்க மனமில்லை. பேட்டரி மட்டும் மாற்றினால் ஸ்டார்ட் ஆகிவிடும் என்கிறார் பக்கத்து மெக்கானிக். நம்பலாமா?
*காரைக்குடி வாசகி*

பேட்டரியைக் கடைசியாக மாட்டுங்கள் அம்மா. இப்போதே செல்ஃப் அடித்தால் கெட்டுப்போன பெட்ரோல் இன்ஜெக்டர் வரைக்கும் போய்விடும்.

உங்களுடையது 124 மாடல். பென்ஸ் கம்பெனி இந்தியாவில் கடை விரித்தபோது புனேயில் முதலில் கட்டிய வண்டி இதுதான். இதன் இரும்பையும் இன்ஜினையும் பற்றி எனக்குக் கவலையே இல்லை. டைமிங் பெல்ட் கிடையாது, செயின்தான். அதனால் நின்றே பெல்ட் இற்றுப்போகும் பயமும் இல்லை. என் கவலையெல்லாம் வயரிங் மீது. 90களின் முதல் பாதியில் இன்ஜினுக்குப் போட்ட வயர்களின் மேலுறை சூட்டில் காய்ந்து உதிரும் ரகம். உங்கள் வண்டியில் எது இருக்கிறது என்று பார்த்துவிடுவது நல்லது. பானட்டைத் திறந்து, கனெக்டருக்குப் பக்கத்தில் வயரை மெல்ல வளைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். மேலுறை துகளாக உதிர்ந்தால் பேட்டரி இணைக்கவே கூடாது. செம்புக் கம்பிகள் ஒன்றோடொன்று உரசி, இன்ஜின் கம்ப்யூட்டரைச் சேர்த்துக் காவு வாங்கிவிடும். எலி கடித்த இடமும் இருக்கும், ஷெட்டில் நின்ற வண்டியில் அது இல்லாமல் இருக்காது.

வயரிங் சரி என்றால், டேங்கில் இருக்கும் பெட்ரோலை முழுக்க இறக்குங்கள். ஃபில்டரும் பம்ப்பும் வலது பின்சக்கரத்துக்குப் பக்கத்தில், வண்டிக்கு அடியில் ஒரு மூடிக்குள் இருக்கும். ஃபில்டரைப் புதிதாகப் போடுங்கள். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி ஒவ்வொரு சிலிண்டரிலும் கொஞ்சம் ஆயில் விட்டு, ஒரு நாள் ஊறவிட்டு, இன்ஜினைக் கையால் சுற்றிப் பாருங்கள். சுலபமாகச் சுற்றினால் பாதிக் கவலை தீர்ந்தது. அப்புறம் இன்ஜின் ஆயில், கூலன்ட், பிரேக் ஆயில் எல்லாம் புதிது. பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும், ஓடாமல் நின்றாலும் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டியது. டயர் பார்க்கப் புதிதாகத் தெரியும். பக்கவாட்டில் டாட் (DOT) எழுத்துகளோடு வரும் நான்கு இலக்க எண்ணைப் பாருங்கள், முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருடம். 2416 என்றிருந்தால் 2016இன் 24ஆம் வாரம், கழற்றித் தூக்கிப் போட வேண்டியதுதான்.

பணத்தை எந்த வரிசையில் போடுவது என்பதுதான் இதில் முக்கியம். தண்ணீரும் பிரேக்கும் முதலில்: ரேடியேட்டர், தெர்மோஸ்டாட், ஹோஸ்கள், பிரேக் ஹோஸ். அடுத்த ஆறு மாதத்தில் முன்பக்க ஆர்ம் புஷ், இன்ஜின் மவுண்டிங், புரொப்பெல்லர் ஷாஃப்டில் இருக்கும் ரப்பர் டிஸ்க். ஏசி அதற்கும் பிறகு, ஏனென்றால் கூலிங் காயிலை எடுக்க டேஷ்போர்டு முழுவதையும் கழற்ற வேண்டும், கூலியே கனமாக வரும். பெயின்ட் எல்லாவற்றுக்கும் கடைசி. பலரும் முதலில் பெயின்ட் அடித்துப் பளபளப்பாக்கிவிட்டு, ஹோஸ் வெடித்து ஹெட் காஸ்கெட் போய் என்னிடம் வருகிறார்கள். எனக்கு அந்த வண்டியைப் பார்க்கவே மனசு கஷ்டமாக இருக்கும்.

பார்ட்ஸுக்கு நம்பர்தான் சாவி. ஒவ்வொரு பென்ஸ் பார்ட்டிலும் ஏ எழுத்தில் தொடங்கும் நம்பர் இருக்கும், அதில் 124 வந்தால் பாடி, 111 வந்தால் உங்கள் இன்ஜின். அந்த நம்பரைச் சொல்லி லெம்ஃபோர்டர், பாஷ், மான், சாக்ஸ் என்ற பார்ட்ஸ் தயாரிப்பாளர்களின் பெயரில் கேளுங்கள். பென்ஸ் கம்பெனிக்குச் செய்துகொடுத்தவர்களே வெளிச்சந்தையிலும் விற்கிறார்கள், நட்சத்திர முத்திரைக்குக் கொடுக்கும் பணம் மிச்சம். சென்னை புதுப்பேட்டை பழைய பார்ட்ஸ் கடைகளில் கண்ணாடி, கதவுக் கைப்பிடி, சீட் போன்றவற்றைத் தேடலாம். பிரேக், ஸ்டியரிங் சாமான்களை அங்கே பழசாக வாங்க வேண்டாம்.

ஆர்சியையும் பாருங்கள். அப்பா பெயரிலிருந்து மாற்ற படிவம் 31, வாரிசுச் சான்றிதழோடு. பதினைந்து வருடத்துக்குப் பிறகு ஐந்தைந்து வருடமாகப் புதுப்பிக்க வேண்டும். கார்களுக்கு 600 ரூபாயாக இருந்த புதுப்பித்தல் கட்டணம் 2022 ஏப்ரலில் 5,000 ஆனது. இருபது வருடம் தாண்டிய காருக்கு 2025 ஆகஸ்டில் 10,000 ஆக்கிவிட்டார்கள். இறக்குமதி காருக்கு 80,000. உங்களுடையது புனே வண்டி, அதனால் 10,000தான். பசுமை வரி தனி.

டில்லியில் பத்து வயதை நெருங்கும் பிஎம்டபிள்யூ 320டி பாதி விலைக்குச் சொல்கிறார்கள். என்ன ரகசியம்?
*திருச்சி வாசகர்*

ரகசியம் எதுவும் இல்லை தம்பி. பத்து வருடம் தாண்டிய டீசல் வண்டி டில்லியில் ஓடக் கூடாது என்று 2015இல் பசுமைத் தீர்ப்பாயம் போட்ட உத்தரவுக்குப் பிறகு அங்கே அந்த வண்டிகளின் மதிப்பு இறங்கிவிட்டது. செங்கல்பட்டு பக்கம் அசெம்பிள் ஆகி வடக்கே போன வண்டிகள்தான் இப்படித் திரும்பி வருகின்றன.

டில்லி ஆர்டிஓ தரும் என்ஓசி (ஆட்சேபணை இல்லாச் சான்று) கையில் வராமல் முன்பணம் கொடுக்காதீர்கள். இங்கே வந்ததும் ஆயுள் வரி கட்டி நம்பரை மாற்ற வேண்டும், டில்லி நம்பரிலேயே பன்னிரண்டு மாதத்துக்கு மேல் ஓட்ட முடியாது. வரியையும் லாரி வாடகையையும் கூட்டினால் பாதி விலை முக்கால் விலை ஆகிவிடும். இதைவிடப் பழைய 320டி, அதாவது 2007 முதல் 2011 வரையிலான வண்டி என்றால் டைமிங் செயின் சத்தத்தைக் கேட்காமல் வாங்கவே கூடாது. செயின் இன்ஜினுக்குப் பின்னால், கியர்பாக்ஸ் பக்கம் இருக்கிறது. மாற்றுவதற்கு இன்ஜினையோ கியர்பாக்ஸையோ இறக்கியாக வேண்டும். காலையில் குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்து, பின்பக்கமிருந்து உரசுகிற சத்தம் வருகிறதா என்று கேளுங்கள். முன்கூட்டியே சூடாக்கி வைத்திருந்தால் மறுநாள் வருகிறேன் என்று கிளம்பிவிடுங்கள்.

2000 மாடல் பென்ஸ், ஆட்டோமேட்டிக். கியர் ஆயில் வாழ்நாள் முழுக்க மாற்ற வேண்டாம் என்கிறார்கள். உண்மையா?
*சேலம் வாசகர்*

யாருடைய வாழ்நாள் என்று கேளுங்கள். அந்த ஐந்து கியர் பெட்டிக்கு முதலில் அப்படித்தான் சொன்னார்கள், பிற்பாடு கம்பெனியே 60,000 கிலோமீட்டரில் மாற்றச் சொன்னது. ஃபில்டரோடு மாற்றுங்கள். அப்போதே பெட்டியின் பக்கவாட்டில் இருக்கும் 13 பின் கனெக்டரையும் மாற்றச் சொல்லுங்கள். அதில் இருக்கும் ஓ ரிங் என்ற ரப்பர் வளையம் சின்ன சாமான்தான், ஆனால் கசிந்தால் ஆயில் வயர் வழியாகவே ஏறி கியர் கம்ப்யூட்டருக்குள் போய்விடும். கனெக்டரைப் பிடுங்கிப் பார்த்து உள்ளே ஆயில் பிசுபிசுத்தால், மாற்றுவதோடு கம்ப்யூட்டரையும் திறந்து துடைத்துவிடுங்கள்.